கரியா பெல்லட்டா: சாம்பல் தட்டு சொன்ன கணக்கு

பிப்ரவரி நடுவில் ஒரு ராத்திரி. வெளியே மைனஸ் 11. இரண்டு மணிக்கு மேல் மகள் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். "அப்பா, ரூம்ல ரேடியேட்டர் சில்லுன்னு இருக்குப்பா." ரேடியேட்டர்களுக்கு வெந்நீர் காய்ச்சி அனுப்பும் பாய்லர் கீழே ஒரு அறையில் இருக்கிறது. அங்கே இறங்கிப் போனேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் பர்னருக்குள் நிலக்கரி ஏறவில்லை. சாம்பல் மேட்டின் நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத்தான் சிவப்பு மிச்சம்.

ஷியர் பின் உடைந்திருந்தது. எங்கள் பாய்லரில் கரித்தொட்டிக்கு அடியில் ஒரு திருகு சுற்றும். இறைச்சி அரைக்கும் இயந்திரத்தில் இருப்பது போன்ற நீளமான திருகு. இங்கே போலந்தில் அதை 'நத்தை' என்று அர்த்தம் வரும் சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். அந்தத் திருகையும் மோட்டாரையும் இணைப்பது ஒரே ஒரு மென்மையான போல்ட். திருகில் கல்லோ கட்டையோ மாட்டினால் கியர் பாக்ஸ் நொறுங்காமல், அந்தச் சின்ன போல்ட் தன்னை உடைத்துக்கொள்ளும். அதற்காகவே வைத்தது. தொட்டியில் பாதிக்கு மேல் இருந்த கரி, ஏறத்தாழ 90 கிலோ, வாளி வாளியாக அள்ளிக் கொட்டிவிட்டு, குழாய் ரெஞ்சால் திருகைப் பின்பக்கமாகச் சுற்றினேன். நாலாவது சுற்றில் டக்கென்று விட்டது. கையை விட்டுத் துழாவியதில் தட்டையான ஒரு கல் வந்தது. கரி நிறம்தான், ஆனால் கையில் எடுத்தால் கரியை விடக் கனம். சுரங்கத்தில் கரியோடு சேர்ந்து வரும் களிப்பாறைத் துண்டு. புது பின் போட்டு, நெருப்பை மறுபடி மூட்டி, மேலே ஏறும்போது நாலரை மணி.

அந்தக் கல்தான் இந்தப் பதிவு முழுவதற்கும் காரணம். அதுவரை நான் எரிபொருள் வாங்கியது ஒரே ஒரு எண்ணைப் பார்த்து: மூட்டையில் பெரிதாக அச்சடித்திருக்கும் வெப்ப மதிப்பு, அதாவது ஒரு கிலோ எரிந்தால் வரும் வெப்பம். 26 மெகாஜூல், 27 மெகாஜூல், 28 மெகாஜூல். எண் பெரிதாக இருந்தால் நல்ல கரி, டன் விலை குறைவாக இருந்தால் லாபம் என்று இரண்டு குளிர்காலம் ஓட்டியிருந்தேன். அன்றைக்கு ராத்திரி, இனி அளந்து பார்க்காமல் ஒரு மூட்டை கூட வாங்குவதில்லை என்று முடிவெடுத்தேன்.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம். வ்ரொட்ஸ்வாஃப் நகரத்திலிருந்து 35 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமம். 1980-களில் கட்டிய வீடு, 140 சதுர மீட்டர். சுவருக்கு வெளியே 12 சென்டிமீட்டர் தெர்மோகோல் ஒட்டி மேலே பூசியிருக்கிறது. கேஸ் குழாய் எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை. 2021-இல் வாங்கியபோதே கீழே ஒரு 17 கிலோவாட் பாய்லர் இருந்தது. பழைய உரிமையாளர் 2018-இல் வைத்தது, ஐந்தாம் வகுப்பு. புகை எவ்வளவு சுத்தம் என்பதைக் குறிக்கும் வகுப்பு அது, எண் கூடினால் சுத்தமும் கூடும். இங்கே அந்த வகுப்பு முக்கியம். இந்த மாகாணத்தில், வகுப்பே இல்லாத, புகை கக்கும் பழைய பாய்லர்களை 2024 ஜூலை 1-க்குள் எடுத்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது. மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கு 2028 ஜூலை 1 வரை அவகாசம். கிராகோ நகரத்தில் இன்னும் கடுமை: 2019 செப்டம்பரிலிருந்து கரியும் கிடையாது, விறகும் கிடையாது. ஐந்தாம் வகுப்பில், தானாக எரிபொருள் ஊட்டும் பாய்லரின் புகையில் தூசி ஒரு கன மீட்டருக்கு 40 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். ஆனால் அது சோதனைக் கூடத்தில், நல்ல எரிபொருளைப் போட்டு எடுத்த எண். என் வீட்டுப் புகைபோக்கியில் என்ன வருகிறது என்பது நான் தொட்டியில் எதைக் கொட்டுகிறேன் என்பதைப் பொறுத்தது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. இந்த விஷயத்தை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் பாய்லரின் கையேட்டில் முதன்மை எரிபொருள் 'எக்கோகுரோஷெக்'. மாற்று எரிபொருளாக மர பெல்லட், அதாவது மரத்தூளை இடித்துச் செய்த குச்சிகள். குரோஷெக் என்றால் பட்டாணி. 5 முதல் 25 மில்லிமீட்டர் வரை சலித்து எடுத்த நிலக்கரி, கொண்டைக்கடலையிலிருந்து நெல்லிக்காய் வரை எனலாம். முன்னால் ஒட்டியிருக்கும் 'எக்கோ' எதைக் குறிக்கிறது என்று கேட்டால், தானாக ஊட்டும் பர்னரில் சீராக எரியும் என்பதை மட்டும்தான். கரி கரிதான்.

அளந்த விதம்

பழைய பொருள் விற்கும் இடத்தில் ஒரு வெப்ப மீட்டர் வாங்கி, பாய்லருக்குத் திரும்பி வரும் தண்ணீர்க் குழாயில் பொருத்தினேன். போகும் தண்ணீர், வரும் தண்ணீர் இரண்டின் சூட்டையும் ஓடும் அளவையும் வைத்து, வீட்டுக்குள் உண்மையில் எத்தனை யூனிட் வெப்பம் போனது என்று அது காட்டும். கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான், கிலோவாட் மணி. மூட்டைகளைத் தராசில் வைத்துத்தான் கொட்டினேன், ஏனென்றால் 25 கிலோ என்று எழுதிய மூட்டை எல்லாம் 25 கிலோ இல்லை. வாரம் முழுக்க ஒரே எரிபொருள். வாரக் கடைசியில் சாம்பலை எடை போட்டேன். புகைபோக்கிக்குப் போகும் புகையின் சூட்டைத் தினமும் காலை ஏழு மணிக்குக் குறித்தேன். வாரத்துக்கு வாரம் குளிர் மாறும் என்பதால் எல்லாவற்றையும் 900 யூனிட் வெப்பத்துக்கு மாற்றி ஒப்பிட்டேன். எங்கள் வீட்டுக்கு ஒரு சாதாரணக் குளிர்கால வாரத்தின் தேவை கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

முதலில், கல் வந்த அந்தக் கரி. டன் 1450 ஸ்வாட்டி (போலந்து நாணயம்). மூட்டையில் 26 மெகாஜூல் என்று போட்டிருந்தது. அதாவது ஒரு கிலோவில் 7.2 யூனிட். பாய்லரில் இழப்பு போக 6 யூனிட்டாவது வீட்டுக்கு வர வேண்டும். வந்தது 4.9.

எங்கே போனது மிச்சம்? மூட்டையைப் பிரித்தபோதே பிளாஸ்டிக்கின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். ஒரு கிலோ கரியை எடை போட்டுத் தட்டில் பரப்பி, தோட்டத்துக் கொட்டகையில் இருக்கும் பழைய மின் அடுப்பில் 105 டிகிரியில் வைத்தேன். சமையலறை அடுப்பில் இதைச் செய்யாதீர்கள், நாற்றம் போக ஒரு வாரம் ஆகும். மூன்று மணி நேரம் கழித்து எடுத்து நிறுத்தேன், மறுபடி வைத்தேன், எடை மாறாமல் நிற்கும் வரை. கடைசியில் 832 கிராம் நின்றது. 168 கிராம் தண்ணீர். ஏறத்தாழ 17 சதவீதம்.

அந்தத் தண்ணீரை ஆவியாக்கப் போகும் வெப்பம் கூட அவ்வளவு பெரிதில்லை. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2.3 மெகாஜூல் போதும். பெரிய நஷ்டம் என்னவென்றால், ஒரு டன் கரி என்று நான் காசு கொடுத்ததில் 170 கிலோ தண்ணீர் இருந்தது. ஏறத்தாழ 245 ஸ்வாட்டிக்குத் தண்ணீர் வாங்கியிருக்கிறேன். அதற்கு மேல் ஒரு கேடு: ஈரக் கரியில் இருக்கும் கந்தகமும் தண்ணீரும் சேர்ந்து இரும்பைத் தின்னும். தொட்டியைக் காலி செய்த ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தபோது அடிப்பக்க மடிப்பில் துரு செதில் செதிலாக உரிந்து நின்றது. பின்னர் கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்து, சூடு தாங்கும் பெயின்ட் இரண்டு கோட் அடித்தேன்.

ஆனால் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது சாம்பல் தட்டு. 900 யூனிட்டுக்கு 184 கிலோ கரி போய், 20 கிலோ சாம்பல் வந்தது. பொடியாக இல்லை. கையளவு கட்டிகள், உடைத்தால் உள்ளே கண்ணாடி மாதிரி பளபளப்பு. கொல்லன் பட்டறையில் கிட்டம் என்பார்களே, அதேதான். இடையிடையே கறுப்பாக, எரியாமலே விழுந்த துண்டுகள்.

இதில் இரண்டு வேறு நோய்கள் கலந்திருக்கின்றன. அதைப் பிரித்துப் பார்க்கப் பழக எனக்கு நாளானது. கண்ணாடி மாதிரி இருப்பது சாம்பல் உருகியதால் வருவது. கரியில் இருக்கும் மண் சத்து குறைந்த சூட்டிலேயே இளகினால், அல்லது விசிறி அதிகமாகக் காற்றை ஊதி நடுவில் சூடு எகிறினால், சாம்பல் பாகாகி பர்னர் விளிம்பில் ஒட்டும். கறுப்பாக, பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக, எடையே இல்லாமல் இருப்பது வேறு. சில வகைக் கரி சூடானதும் எரிவதற்கு முன்னால் இளகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு 'கோக்' எனும் ஓட்டை விழுந்த கரிக்கட்டி ஆகிவிடும். பர்னரிலிருந்து கோபுரம் மாதிரி எழும்பி, சாய்ந்து, எரியாமலே சாம்பலில் விழும். இந்த ஒட்டும் குணத்துக்கு ரோகா எண் என்று ஓர் அளவு உண்டு. இந்த மாதிரி பர்னருக்கு அது 10-க்குள் இருப்பது நல்லது. கடைக்காரர் தரும் தரச் சான்றிதழில் அந்த எண் இருக்கும். நானும் இரண்டு வருடமாக அந்தக் காகிதத்தை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்திருக்கிறேன். திறந்து படித்தது கிடையாது. படித்தபோது ஒட்டும் எண் 28 என்று இருந்தது.

அடுத்த வாரம் வேறு கரி. டன் 1650 ஸ்வாட்டி. ஒட்டும் எண் 5, ஈரம் என் தட்டில் 9 சதவீதம், மூட்டையில் அச்சடித்த மெகாஜூல் முதல் கரியை விட ஒன்று மட்டுமே கூட. 900 யூனிட்டுக்கு 150 கிலோ போதுமாக இருந்தது. சாம்பல் 11 கிலோ, விரலிடுக்கில் பொடியும் பழுப்பு மாவு. ஒரு யூனிட்டுக்குக் கணக்குப் போட்டால் முதல் கரி 29.6 க்ரோஷ் (நூறு க்ரோஷ் ஒரு ஸ்வாட்டி), இது 27.5 க்ரோஷ். டன்னுக்கு 200 ஸ்வாட்டி கூடக் கொடுத்து வாங்கியதுதான் மலிவு.

பழுப்பு நிலக்கரியிலும் இதே பட்டாணி அளவில் மூட்டை வருகிறது, விலை இன்னும் குறைவு. அதை நான் சோதிக்கவே இல்லை. 2018 ஜூலையிலிருந்து இந்த மாகாணத்தில் அதை வீட்டில் எரிக்கத் தடை இருக்கிறது.

பெல்லட்

மரத்தூளை அதிக அழுத்தத்தில் 6 மில்லிமீட்டர் குச்சிகளாக இடித்து எடுப்பது. பசை சேர்ப்பதில்லை, மரத்தில் இருக்கும் லிக்னின் சூட்டில் இளகித் தானே பிடித்துக்கொள்ளும். முதல் மூட்டையைப் பிரித்ததும் எனக்கு எங்கள் ஊர் மரத்தூள் அடுப்புதான் நினைவுக்கு வந்தது. பாட்டி நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைத் திமிர இடித்து, பாட்டிலை மெதுவாகச் சுழற்றி உருவுவாள். அந்த ஓட்டை வழியாகக் காற்று போய் ரெண்டு வேளைச் சமையலுக்கு எரியும். இடித்த தூள் சீராக எரியும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

நல்ல பெல்லட்டுக்கு ஐரோப்பாவில் ஈ.என். பிளஸ் என்று ஒரு தரமுத்திரை. அதில் ஏ-1 என்றால் சாம்பல் 0.7 சதவீதத்துக்குள், ஈரம் 10 சதவீதத்துக்குள், வெப்பம் கிலோவுக்குக் குறைந்தது 4.6 யூனிட். ஏ-2 என்றால் சாம்பல் 1.2 வரை போகலாம். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பத்து குச்சி போடுங்கள். நல்ல பெல்லட் நேராக அடியில் மூழ்கி, சில நிமிடத்தில் ஊதி, சுத்தமான மரத்தூளாகக் கரையும். கலக்கிவிட்டுப் பார்த்தால் அடியில் மணல் தங்கக் கூடாது. மணல் தங்கினால் பட்டையோடும் தரையில் கூட்டிய தூளோடும் சேர்த்து இடித்திருக்கிறார்கள். அந்த மணல்தான் பின்னால் பர்னரில் கண்ணாடியாகும். நான் வாங்கிய ஏ-1 மூட்டையில் கொஞ்சம் கூடத் தங்கவில்லை.

அமைப்புகளை மாற்ற வேண்டியிருந்தது. கரிக்கு 10 நொடி தள்ளு, 45 நொடி நிறுத்து என்று வைத்திருந்தேன். பெல்லட்டில் கிலோவுக்கு வெப்பமும் குறைவு, கொள்ளளவுக்கு எடையும் குறைவு. அதே வெப்பத்துக்கு ஒன்றே முக்கால் மடங்கு இடம் வேண்டும். அதனால் 10 நொடி தள்ளு, 22 நொடி நிறுத்து. விசிறியையும் குறைத்தேன். அதிகம் ஊதினால் பாதி எரிந்த துகள்கள் பொறியாகப் பறந்து உள்ளே பின்சுவரில் மோதி விழுகின்றன. 200 லிட்டர் தொட்டி நிறையக் கரி என்றால் ஒரு வாரம் கவலை இல்லை, பெல்லட் என்றால் நாலு நாள். கணக்கு இதோ: டன் 1400 ஸ்வாட்டி, கிலோவுக்கு 4.2 யூனிட், ஆக யூனிட் 33.3 க்ரோஷ். 900 யூனிட்டுக்கு 214 கிலோ. சாம்பல் ஒரு கிலோ முன்னூறு கிராம். தராசு கெட்டுவிட்டதோ என்று கையால் தட்டிப் பார்த்தேன்.

அப்புறம் அந்த மார்ச் மாதப் பிற்பகல்.

வெளியே 14 டிகிரி, நல்ல வெயில். வீட்டுக்கு வெப்பமே தேவையில்லை. பாய்லர் 60 டிகிரியைத் தொட்டு, நெருப்பை அணையாமல் காக்கும் நிலைக்குப் போய்விட்டது. அந்த நிலையில் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை எரிபொருள் தள்ளுவது என்று தனியாக ஓர் எண் உண்டு. நான் மற்றதெல்லாம் மாற்றியவன், கரிக்கு வைத்திருந்த 12 நிமிடத்தை மாற்ற மறந்துவிட்டேன். கரி 12 நிமிடம் பர்னர் மேல் பொறுமையாகக் கனன்று கொண்டிருக்கும். பெல்லட் அப்படி இல்லை. மரத்தில் முக்கால் பங்குக்கு மேல் சூட்டில் வாயுவாகக் கிளம்பும் பொருள். சீக்கிரம் பிடிக்கும், சீக்கிரம் தீரும். மேலே தீர்ந்ததும் நெருப்பு எரிபொருள் வந்த வழியே, திருகுக் குழாய்க்குள் இறங்கிப் பின்னால் நடந்தது.

இதைத் தடுக்கக் குழாயின் மேல் ஒரு சூட்டு உணரி இருக்கிறது. குழாய் சூடானால் மோட்டாரை ஓட்டி எரிகிறதை முன்னால் தள்ளிவிடும். பிப்ரவரி ராத்திரி நான் திருகில் மாட்டிய கல்லை எடுத்தபோது அந்த உணரியின் கிளிப்பை எடுத்திருந்தேன். திரும்பப் போடவில்லை. அது சுவரோரமாகக் காற்றில் தொங்கிக்கொண்டு 19 டிகிரி என்று காட்டிக்கொண்டிருந்தது.

காப்பாற்றியது கடைசி அரண். தொட்டியின் பக்கத்தில் ஒரு சிறிய தண்ணீர்க் குடுவை, அதன் வாயில் மெழுகு அடைப்பு. இங்கே அதன் பெயரே 'தீயணைப்பாளர்'. குழாய் சூடேறினால் மெழுகு உருகி, தண்ணீர் முழுக்கத் திருகுக்குள் கொட்டும். கரண்ட் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம், மெழுகு உருகினால் போதும். நான் கீழே போனபோது அறையில் ஈர மரப்புகை வாடை, கார்பன் மோனாக்சைடு அலாரம் கத்திக்கொண்டிருந்தது. கதவையும் ஜன்னலையும் திறந்துவிட்டு வெளியே வந்து நின்று, அலாரம் அடங்கிய பிறகுதான் உள்ளே போனேன். நெருப்பு முழுக்க அணைந்திருந்தது.

சுத்தம் செய்ய ஐந்து மணி நேரம். தண்ணீர் பட்ட பெல்லட் மூன்று மடங்கு ஊதிக் குழாய்க்குள் இறுகியிருந்தது. வெளிப்பக்கம் ஈரத் தவிடு மாதிரி வழிந்தது, உள்ளே போகப் போகப் பிளைவுட். பெரிய ஸ்குரூ டிரைவரைச் சுத்தியலால் அடித்து இறக்கி, விரற்கடை விரற்கடையாகப் பெயர்த்தேன். ஒவ்வொரு துண்டிலும் திருகின் வளைவு அச்சு வார்த்த மாதிரி பதிந்திருந்தது. திருகு வெளியே வந்ததும் முதல் வேலையாக உணரியைக் கிளிப்பிலும் போட்டு, உலோக டேப்பாலும் சுற்றினேன். காக்கும் நிலை இடைவெளி இப்போது 3 நிமிடம். கரிப் பாய்லரில் பெல்லட் போட நினைக்கிறவர்கள் இந்த ஓர் எண்ணை மட்டுமாவது முதலில் மாற்றுங்கள். குடுவையில் தண்ணீர் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

சூரியகாந்தி உமி பெல்லட்டையும் ஒரு வாரம் போட்டேன். டன் 1150 ஸ்வாட்டி, கறுப்பாகப் பளபளவென்று இருக்கும். முதல் நாள் நன்றாகவே எரிந்தது. புகையின் சூடு 115 டிகிரி. இரண்டாம் நாள் 128. நாலாம் நாள் 170. அந்த ஏற்றத்துக்கு ஒரே அர்த்தம்தான்: உள்ளே வெப்பம் வாங்கும் சுவர்களில் சாம்பல் படிந்து போர்வையாகிவிட்டது, சூடு தண்ணீருக்குப் போகாமல் வானத்துக்குப் போகிறது. திறந்து பார்த்தால் சாம்பல் நிறப் படிவு ஒரு விரல் தடிமனுக்கு. பிரஷ் போட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. பர்னர் விளிம்பில் இருந்தது உதிரவில்லை, உளி வைத்துத்தான் எடுத்தேன். உமியில் பொட்டாசியம் அதிகம், சாம்பல் சீக்கிரம் இளகும். வைக்கோல் பெல்லட்டுக்கும் இதே குணம்தான் என்பதால் அதை வாங்கவில்லை. யூனிட் 31 க்ரோஷ் வந்தது. மர பெல்லட்டை விட இரண்டு க்ரோஷ் மிச்சம். அந்த மிச்சத்துக்கு வாரம் இருமுறை முழங்கை வரை சாம்பலில் கை விட வேண்டும்.

ஓட்ஸ்

இதைச் சொல்லாமல் விட மனசில்லை. எதிர்வீட்டுப் பெரியவர் முன்பு விவசாயம் பார்த்தவர், எழுபத்தைந்து வயதுக்கு மேல். நான் மூட்டை மூட்டையாக நிறுப்பதைத் தினமும் பார்த்துவிட்டு, மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த இரண்டு மூட்டை ஓட்ஸ் தன் களஞ்சியத்தில் கிடப்பதாகச் சொன்னார். மாடும் தின்னாது, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார். போலந்தில் பலர் ஓட்ஸை இப்படி எரிக்கிறார்கள். பெல்லட்டுக்குக் கிட்டத்தட்டச் சமமான வெப்பம், திருகில் வழுக்கிக்கொண்டு ஓடும், தூசி பறக்காது. காயவைத்து, பெல்லட்டோடு நாலில் ஒரு பங்காகக் கலந்து போட்டேன். வறுத்த தானிய வாசனை தெருவெல்லாம் வந்தது.

அவர் வேலியருகில் நின்று கொஞ்ச நேரம் புகைபோக்கியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எங்க அம்மா ரொட்டித் துண்டு கீழ விழுந்தா எடுத்து முத்தம் குடுத்துட்டுத்தான் மேல வைப்பாங்க. கெட்டுப்போனதுதான், நான்தான் குடுத்தேன். ஆனா இந்த வாசனை எனக்கு ஒத்துக்கல." எனக்குப் புரிந்தது. சிந்திய சோற்றுப் பருக்கையைக் கால் படாமல் பொறுக்கி எடுக்கச் சொல்லி வளர்த்த வீட்டில் பிறந்தவன் நான். இரண்டாவது மூட்டையைத் தோட்டத்து உரக்குழியில் கொட்டிவிட்டேன். ஓட்ஸ் சாம்பலில் குளோரின் வேறு, அது பாய்லர் இரும்புக்கு ஆகாது. அந்தக் காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். முடிவு அதற்கு முன்னாலேயே எடுத்தாயிற்று.

ஏப்ரலில் புகைபோக்கி சுத்தம் செய்கிறவர் வந்தார். கரியோ விறகோ எரிக்கும் வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம். கறுப்புச் சட்டையில் அவரைப் பார்த்ததும் மகள் தன் ஸ்வெட்டர் பட்டனைப் பிடித்துக்கொண்டாள். அப்படிச் செய்தால் அதிர்ஷ்டம் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் என் நோட்டைக் காட்டவில்லை. அவர் புகைபோக்கியின் கீழ்க் கதவைத் திறந்து, புகைக்கரியை ஒரு கை அள்ளித் தேய்த்துப் பார்த்து, "நடுவுல எரிபொருள மாத்துனீங்களா?" என்று கேட்டார். ஜனவரியில் வந்தபோது பளபளவென்று தார் பூசியது போல ஒட்டிக்கொண்டிருந்ததாம், சங்கிலியைப் போட்டு மூன்று தடவை இழுத்தாராம். இப்போது பழுப்பாக, காய்ந்த தூளாக, ஒரே இழுப்பில் விழுந்துவிட்டது.

வருடத்துக்கு எங்களுக்கு 15,000 யூனிட் வேண்டும். நல்ல கரி என்றால் 2.5 டன், 4125 ஸ்வாட்டி. ஏ-1 பெல்லட் என்றால் 3.6 டன், 5000 ஸ்வாட்டி. வித்தியாசம் 875. வீட்டில் உட்கார்ந்து பேசினோம். மனைவி கேட்டது ஒன்றே ஒன்று: "சாம்பல் எவ்வளவு வரும்?" கரியில் வருடத்துக்கு 180 கிலோ, அதை இரும்பு வாளியில் ஆறவைத்து, ஊராட்சி தரும் தனிச் சாம்பல் தொட்டியில் போட்டு, பனியில் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். பெல்லட்டில் 22 கிலோ, தோட்டத்துக்கே போதாது. நான் வேலை விஷயமாக வெளியூர் போகும் வாரங்களில் அந்த வாளியைத் தூக்கியது அவள்தான். பெல்லட் என்று முடிவானது.

விலை இப்படியே இருக்கும் என்று நான் நம்பவில்லை. 2022-இல் ரஷ்யக் கரிக்குத் தடை வந்தபோது, இங்கே டன் 3000 ஸ்வாட்டிக்கு மேல் போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். அரசு ஒரு வீட்டுக்கு 3000 ஸ்வாட்டி கரி உதவித்தொகை கொடுத்த குளிர்காலம் அது. பெல்லட்டும் சேர்ந்தே ஏறியது. அதனால் கரிக்கான எண்கள், பெல்லட்டுக்கான எண்கள் இரண்டையும் பாய்லர் கதவின் உள்பக்கம் அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: தள்ளும் நொடி, நிறுத்தும் நொடி, விசிறி, காக்கும் நிலை இடைவெளி. கடைசி எண்ணுக்குச் சிவப்பு மையில் இரண்டு கோடு.

போன வாரம் ஜூன் வெயிலில் மூன்றரை டன் பெல்லட் வந்து இறங்கியது. 15 கிலோ மூட்டைகள். தரையில் படாமல் மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு கை இடைவெளி விட்டு அடுக்கினோம். ஒவ்வொரு பலகையிலிருந்தும் ஒரு மூட்டை பிரித்து, மகள் டம்ளர் தண்ணீரோடு தயாராக நின்றாள். நான்காவது டம்ளரின் அடியில் மெல்லிசாக மணல் தங்கியிருக்கிறது. அந்தப் பலகையைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறேன். நாளைக்குக் கடைக்குப் போன் செய்ய வேண்டும்.